லிட்டருக்கு எத்தனை தியாகம்?

இயற்பியலுக்காகத் தூக்கத்தைத் துறந்தவர்கள் உண்டு. சொத்தைத் துறந்தவர்களும் உண்டு. ஆனால் கட்டிய மனைவியையும் பெற்ற மகளையும் பட்டுச்சேலையோடும் பழத்தட்டோடும் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டு, காலியான காரைத் தன்னந்தனியாக ஓட்டிச் சென்ற பெருமை கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சுடலைராஜ் ஒருவரையே சேரும். அது மகளுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன நாள் என்பது அந்தத் தியாகத்தை இன்னும் உயரத்தில் தூக்கி வைக்கிறது.

சுடலைராஜ் நல்ல மனிதர். அவருக்கு வாய்த்த கார்தான் சரியில்லை. யானை அளவில் வெள்ளையாக ஒன்றை வாங்கியிருந்தார். அதன் கூரையைத் துடைக்கவே நாற்காலி போட்டு ஏற வேண்டும். அந்தக் கார் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஒரு முழம்கூடக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெட்ரோல் பங்க்கில் இருப்பவர்கள் அவரை அளவுக்கு மீறிய பாசத்தோடு வரவேற்க ஆரம்பித்தபோதுதான் அவருக்குச் சந்தேகமே வந்தது.

இந்த நேரத்தில் 'கரிசல் பசுமைப் பேரவை' அவருக்குக் கைகொடுத்தது. ஊரின் வெப்பத்தைக் குறைப்பது எப்படி என்று மாதம் ஒருமுறை ஏசி அறையில் கூடி ஆலோசிக்கும் அமைப்பு அது. உறுப்பினர் அனைவரும் வியாபாரப் பெருமக்கள். ஆளுக்கொரு காரில் வருவார்கள். நாலு பேர் ஒரே காரில் வந்தால் கூட்டம் சிறுத்துத் தெரியும் என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். செயலாளர் மகாராஜா பேட்டரிக் கடை வைத்திருப்பவர். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை மூன்று முறை எழுதியவர் என்பதால் மற்றவர்களைவிட மும்மடங்கு ஞானம் உள்ளவராகக் கருதப்பட்டார்.

அந்தப் பேரவைதான் 'எரிபொருள் சிக்கனச் செம்மல்' என்ற பட்டத்துக்குப் போட்டி அறிவித்தது. குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளே கார் டேங்க்கைக் காலி செய்து, பெட்ரோலை அளந்து ஊற்றி, மூடிக்கு அரக்கு வைத்துவிடுவார்கள். ஞாயிறன்று ஓட்டப்பிடாரம் போய்த் திரும்ப வேண்டும். யார் கார் லிட்டருக்கு அதிகத் தூரம் ஓடியதோ அவரே செம்மல்.

மகாராஜா போட்டிக்காரர்களுக்குத் தனித்தனியே வகுப்பு எடுத்தார்.

"அண்ணாச்சி, வண்டிக்கு மூணு சத்துரு. ஒண்ணு எடை, ரெண்டு காத்து, மூணாவது பிரேக்கு."

"பிரேக்கு நல்லதுதானய்யா?"

"உசுருக்கு நல்லது. மைலேஜுக்கு வெஷம். நீங்க பெட்ரோல எரிச்சு வேகத்த வாங்குதீங்க. பிரேக்க மிதிச்சா வாங்குன வேகம் பூராவும் சூடாகிச் சக்கரத்தோட போயிருது. அந்தச் சூட்டுல ஒரு டீ போட முடியுமா?"

"முடியாது."

"காத்து இருக்கே, அது அதவிட மோசம். வேகத்த ரெண்டு மடங்காக்குனா அது நாலு மடங்கு தடுக்கும்."

"அப்ப வேகமாப் போகப்பிடாது. நிக்கவும் பிடாது."

"அவ்வளவுதான் இயற்பியல்" என்றார் மகாராஜா.

சுடலைராஜ் வீட்டுக்குப் போய் வேலையைத் தொடங்கினார். ஸ்டெப்னி டயர் இறங்கியது. ஜாக்கி இறங்கியது. பின் சீட்டைக் கழற்றி வராந்தாவில் போட்டதும் வீட்டுப் பூனை அதைச் சுவாதீனம் செய்துகொண்டது. காற்றைத் தடுக்கும் என்பதால் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மடக்கப்பட்டன. முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பற்றி மட்டும் நெடுநேரம் யோசித்து, 'விபத்துத் தடுப்பு உபகரணம்' என்ற வகையில் அனுமதித்தார். பெட்ரோல் ஊற்றும் நேரத்தில் அவர் கேட்ட கேள்வி மகாராஜாவின் கண்ணையே கலங்க வைத்தது.

"ஏன் செயலாளரே, பெட்ரோலுக்கும் எடை உண்டுல்லா? அதக் கொறைச்சா என்ன?"

நாலே நாலு லிட்டர் ஊற்றி அரக்கு வைத்தார்கள்.

ஓட்டப்பிடாரத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் குடும்பத்தோடு போகக் குறித்திருந்த நாளும் அதே ஞாயிறுதான். காலையில் மனைவி வேலுத்தாய் பட்டுச்சேலை சரசரக்க வந்து காரின் பின்கதவைத் திறந்தாள்.

"ஏங்க, சீட்டு எங்க?"

"கழட்டியாச்சு. அதெல்லாம் எடை."

"அப்ப நாங்க எங்கன உக்கார?"

சுடலைராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீயும் புள்ளையும் சேந்து நூத்தி முப்பது கிலோ வருதீங்க, வேலு. அதுபோகப் பழத்தட்டு வேற. நீங்க பஸ்ல போயிருங்க. நான் பின்னாலேயே வந்துருதேன்."

"என்னய எப்ப எடை போட்டீங்க?"

"உத்தேசமாத்தான்."

வேலுத்தாய் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு டீ என்ன, ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம்.

மகள் பிரித்திகா பழத்தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அப்பா, காரு எதுக்கு வாங்குனீங்க?"

"குடும்பத்தோட போகத்தான்."

"இப்ப காரு மட்டும் போகுதே?"

"இது சோதனை ஓட்டம்மா. பூமியக் காப்பாத்த வேண்டாமா?"

பிரித்திகாவுக்கு அழுகை முட்டியது. ஓட்டப்பிடாரத்து முத்துகிருஷ்ணனோடு அவள் இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். காற்றாலையில் வேலை பார்ப்பவன். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இதற்கு முன் வந்த ஒரு சம்பந்தத்தில், அந்த வீட்டு ஏசியை அப்பா தாமே எழுந்து அணைத்துவிட்டு அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தார். அவர்கள் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. இதுவும் அப்படிப் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே அம்மாவோடு ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

சுடலைராஜ் கிளம்பினார். ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும், ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் காற்று தடுக்கும். ஆகவே இரண்டையும் தவிர்த்துச் சித்திரை வெயிலில் அவியத் தொடங்கினார். வேகமாகப் போகக் கூடாதென்று இரண்டாம் கியரிலேயே உருட்டினார். ரொம்ப மெதுவாகப் போனாலும் பெட்ரோல் வீணாகும் என்ற பாடத்தில்தான் மகாராஜா மூன்று முறையும் கோட்டைவிட்டிருந்தார் என்பது சுடலைராஜுக்குத் தெரியாது.

அவருக்குப் பின்னால் லாரிகளும் வேன்களும் வால்போல நீண்டன. முந்த முடியாமல் பிரேக்கை மிதித்தார்கள், கியரைக் குறைத்தார்கள், மறுபடி மிதித்தார்கள், புகையாகக் கக்கினார்கள். அவர் மிச்சம் பிடித்த ஒவ்வொரு சொட்டையும் பின்னால் வந்தவர்கள் பல சொட்டாக எரித்து ஈடுகட்டினார்கள். ஆனால் பின்னால் வருகிறவர்களைப் பற்றிப் பேரவையின் விதிகளில் எதுவும் இல்லை. பக்கக் கண்ணாடிகளை மடக்கியிருந்ததால் சுடலைராஜின் பார்வையிலும் அவர்கள் இல்லை.

நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் முந்தியது. ஜன்னலோரம் வேலுத்தாய், மடியில் பழத்தட்டு. காரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி பிரித்திகா நின்றிருந்தாள். சுடலைராஜுக்கு, பாதி காரில் காற்று மட்டும் உட்கார்ந்து வருகிறதே என்று ஒரு கணம் தோன்றியது. நல்லவேளை, காற்றுக்கு எடை குறைவு என்று தேற்றிக்கொண்டார்.

அதற்குள் எதிரே ஓர் ஆட்டு மந்தை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிரேக்கை மிதித்தார். ஆடுகள் தப்பின. மைலேஜ் தப்பவில்லை. ஓட்டப்பிடாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நாலாபுறமும் காற்றாலைகள் சும்மா கிடைத்த காற்றில் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்த இடத்தில், கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அத்தனை தியாகத்துக்குப் பிறகும் அது கொடுத்தது லிட்டருக்கு அதே பத்துதான்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"எங்க இருக்கீங்க? இங்கன எல்லாரும் ஒங்களத்தான் கேக்காவ" என்றாள் வேலுத்தாய்.

"வண்டி நின்னுட்டு."

"ரிப்பேரா?"

"இல்ல. பெட்ரோல் தீந்துட்டு."

மறுமுனையில் பலர் சிரிப்பது கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா கொம்பையா போனை வாங்கினார். "அண்ணாச்சி, கவலப்படாதீங்க. பையன்ட்ட ஒரு கேன் பெட்ரோல் குடுத்து விடுதேன்."

"ஐயோ, வேண்டாம்! மூடியில அரக்கு வச்சிருக்கு. ஒடைச்சாப் போட்டியில தோத்திருவேன்."

பெட்ரோல் தீர்ந்தவர் பெட்ரோல் வேண்டாம் என்று சொல்வதைக் கொம்பையா தம் ஆயுளில் அன்றுதான் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் முத்துகிருஷ்ணன் டிராக்டரில் வந்து இறங்கினான். கையில் கயிறு.

"மாமா, பெட்ரோல் ஊத்துனா அஞ்சு நிமிசத்துல போயிரலாம். இவ்வளவு பெரிய வண்டிய டிராக்டர் கட்டி இழுத்தா அதவிட ஜாஸ்தி டீசல் எரியும்."

"தம்பி, டீசல் போட்டியிலயே இல்ல."

முத்துகிருஷ்ணன் அவரை ஒரு முறை பார்த்தான். காற்றாலையை ஒரு முறை பார்த்தான். பிறகு குனிந்து கயிற்றைக் கட்டினான். "சாவியப் போட்டே வைங்க மாமா. இல்லன்னா ஸ்டீயரிங் பூட்டிக்கிடும்."

டிராக்டர் கரும்புகை விட்டு இழுத்தது. அப்போதுதான் சுடலைராஜுக்கு ஞானம் பிறந்தது. எஞ்சின் ஓடவில்லை. ஆனால் கிலோமீட்டர் காட்டும் எண் ஓடிக்கொண்டிருந்தது!

மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் ஊர்ந்து வந்து நின்றபோது எல்லாரும் வெளியே வந்தார்கள். காரில் இடமில்லாததால் பஸ்ஸில் வந்தோம் என்று வேலுத்தாய் அதுவரை சமாளித்திருந்தாள். முத்துகிருஷ்ணனின் அம்மா வெயிலுகந்தம்மாள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு பிள்ளையாரும் ஒரு சுடலைராஜும் தவிர யாருமில்லை.

"என்ன மதினி, உள்ள மாடு ரெண்டு கட்டலாம் போல இருக்கு. எடம் இல்லன்னீங்க?"

வேலுத்தாய் மறுபடி முந்தானையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். பிரித்திகாதான் முன்னால் வந்தாள். "அத்தை, அம்மா எங்க அப்பாவுக்காகப் பொய் சொல்லிட்டாவ. மைலேஜ் கொறையும்னு அப்பாதான் எங்கள எடை பாத்து எறக்கி விட்டுட்டாவ. அதான் நெசம்."

சுடலைராஜின் சட்டையில் வெயில் வியர்வையோடு வேறு வியர்வையும் சேர்ந்தது. பேரவை, செம்மல், பூமி எல்லாம் மறந்துபோயின. மகளின் முகம் மட்டும் தெரிந்தது. அந்த ஏசி வீட்டிலிருந்து திரும்பிய நாளில் இருந்த அதே முகம்.

"தப்புதான்" என்றார் மெதுவாக. "புள்ளைய ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க."

கொம்பையா தோளில் கிடந்த துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். துண்டு குலுங்கியது. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ல நின்னுக்கிட்டே வந்து, பழத்தட்டோட சிரிச்ச மொகமா எறங்குன புள்ள, அண்ணாச்சி. பொய் சொல்லவும் வரல. இந்தப் புள்ளைய விட்டுரச் சொல்லுதீங்களா? பொண்ணு எங்களுக்குச் சம்மதம். கல்யாணத்துக்கு நீங்க மட்டும் பஸ்ல வாங்க."

கேசரியும் சேவும் வந்தன. முத்துகிருஷ்ணன் கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவினான். பிரித்திகாவுக்கும் அங்கேயே கை கழுவ வேண்டியிருந்தது.

திரும்பும்போது சுடலைராஜ் மறுபடி கயிற்றைக் கட்டச் சொன்னார். ஞானம் பிறந்த மனிதர் சும்மா இருப்பாரா? கோவில்பட்டி வரை டிராக்டர்தான். வேலுத்தாய் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்பத்தான் எஞ்சினு ஓடலையே. எங்க எடையால ஒங்களுக்கு என்ன நட்டம்?"

இயற்பியலில் இதற்குப் பதில் இல்லை. வேலுத்தாய் பின்னால் கோரைப்பாய் விரித்துச் சம்மணமிட்டாள். பிரித்திகா முன் சீட்டில் உட்கார்ந்து, டிராக்டரில் தெரிந்த முதுகை ஓட்டப்பிடாரத்திலிருந்து கோவில்பட்டி வரை கண்ணெடுக்காமல் பார்த்து வந்தாள். ஜன்னல்கள் திறந்திருந்தன. கார் வாங்கிய பிறகு அந்தக் குடும்பம் சேர்ந்து, சிரித்துப் பேசி, அவசரமில்லாமல் போன முதல் பயணம் அதுதான். கரும்புகை உள்ளே வந்தபோது மட்டும் மூவரும் சேர்ந்து இருமினார்கள்.

அடுத்த வாரம் பாராட்டு விழா. நாலு லிட்டரில் ஓட்டப்பிடாரம் போய் வந்த ஒரே கார் சுடலைராஜுடையது. லிட்டருக்கு இருபத்திரண்டு! ஓர் உறுப்பினர் எழுந்து டிராக்டரைப் பற்றி ஏதோ கேட்டார். மகாராஜா தீர்ப்பு வழங்கினார்: "பேரவை கார்களுக்கானது. டிராக்டர் வேளாண்மைத் துறையில் வருகிறது. அதன் புகை நம் 'வரம்புக்கு' உட்பட்டதல்ல."

பொன்னாடை போர்த்தினார்கள். கேடயம் கொடுத்தார்கள். வெற்றியின் ரகசியத்தைச் சொல்லும்படி மைக்கை நீட்டினார்கள். சுடலைராஜ் கள்ளமில்லாத மனிதர். மனதில் பட்டதை அப்படியே சொன்னார்.

"பெருசா ஒண்ணும் இல்லங்க. நம்ம வண்டிய அடுத்தவன் இழுக்கணும். புகைய அவன் பேர்ல எழுதிட்டு, மைலேஜ நம்ம பேர்ல எழுதிக்கிடணும். அவ்வளவுதான்."

மண்டபத்தில் இடி போல் எழுந்தது கைதட்டல். பரம்பரை பரம்பரையாகப் பொத்திக் காத்த தொழில் ரகசியத்தை ஓர் அப்பாவி மேடையேறிப் போட்டு உடைத்துவிட்டானே என்று பதறி, அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசுவதற்குள் எல்லாருமாகச் சேர்ந்து தட்டிய கைதட்டல்.