கிள்ளானிலிருந்து வந்த நடுநிலைக்காரர்

மேற்பார்வையாளர் என்றோர் இனம் நம் சிலாங்கூர்ச் சீமையில் பெருகி வருகிறது. இவர் பரீட்சைக்கு நிற்பவர் அல்லர். கேள்வி கேட்பவரும் அல்லர். மற்றவர்கள் ஒழுங்காகக் கேட்கிறார்களா, ஒழுங்காகப் பதில் சொல்கிறார்களா என்று பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து வரவழைக்கப்படுகிறவர். வெளியூர்க்காரர் என்பதுதான் இவருடைய முதல் தகுதி. இரண்டாவது தகுதியை இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

ரயிலை விட்டு இறங்கும்போதே இவரைக் கண்டுபிடித்துவிடலாம். வெயிலோ மழையோ கையில் குடை, தலையில் வெள்ளைக்காரத் துரைமார் போடும் சோலார் தொப்பி, முகத்தில் யாரையும் அடையாளம் தெரியாதது போன்ற ஒரு பார்வை. யார் வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார், நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடுமாம். ஆனால் தம்மை அழைத்த சபையின் செலவில் வரும் மசால்வடையை மறுக்க மாட்டார், வடை யார் பக்கமும் சேராது பாருங்கள். நாற்காலி மேடையின் நட்ட நடுவில் இருக்கிறதா என்று காலால் அளப்பார். மாலை போட்டால், "எனக்கு இதெல்லாம் பிடிக்காதுங்க" என்பார். கூட்டம் முடியும்வரை கழற்றவும் மாட்டார்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கிடங்குக் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் நாகையா. குடியிருப்பு கிள்ளானில். அவர் தொழில் நடத்தும் அழகைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் கண்டேன்.

அங்கே எங்கள் தமிழ்ச் சபை பண்டிதர் பட்டம் கொடுக்கிறது. பட்டம் வேண்டுபவர் ஆய்வுரை எழுதித் தரவேண்டும்; அதைப் படித்த இரண்டு பரீட்சகர்கள் சபை நடுவில் கேட்கும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர்கள் சலுகை காட்டிவிடுவார்கள் என்று யாரோ முணுமுணுக்க, மேற்பார்வைக்கு வெளியாள் வேண்டும் என்று விதி செய்தார்கள். விதியில் ஒரு குற்றமும் இல்லை. அது போய்ச் சேர்ந்த இடம் நாகையா.

அன்று பட்டத்துக்கு நின்றவர் புஷ்பவல்லி. ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை வேலை காலியாக இருந்தது. பட்டம் கிடைத்தால் அது அவருக்கு, இல்லாவிட்டால் வேறு யாருக்கோ. பள்ளிக் கமிட்டி மறுநாளே கூடுகிறது. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வருஷக்கணக்காக எழுதிய ஆய்வுரையைச் சிவப்புத் துணி அட்டை போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாகையா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கனமா இருக்கும்மா" என்று மெச்சி, கீழே வைத்து, அதன்மேல் தம் தொப்பியை வைத்தார்.

முதல் பரீட்சகர் கொர்னேலியஸ் கேள்வி கேட்க எழுந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் நாகையா. "இந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி சார்? பக்கத்து வீடு. கிறிஸ்மஸுக்கு நாங்க கேக் கொடுப்போம், தீபாவளிக்கு அவங்க முறுக்கு கொடுப்பாங்க."

"முறுக்கா!" நாகையா அதிர்ந்து போனார். "நீங்க கேள்வி கேக்கக் கூடாது. கீழ போய் உக்காருங்க."

இரண்டாவது பரீட்சகர் பழனியப்பன் முந்திக்கொண்டு, "நான் முறுக்கெல்லாம் வாங்கினதில்லீங்க. அவங்க வீட்டுக்காரருதான் எப்பவாவது என்கிட்ட புத்தகம் இரவல் வாங்குவாரு" என்றார்.

"நீங்களும் கீழ போங்க."

"இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் லா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆய்வுரையைப் படித்த இருவரும் மேடையை விட்டு இறங்கியாயிற்று. இனி யார் கேட்பது? வேறு யார், நாகையாவேதான். மாலையைச் சரிசெய்துகொண்டு முதல் கேள்வியைப் போட்டார்.

"உங்க அப்பாரு இந்த நாட்டுக்கு எப்படிம்மா வந்தாரு?"

இது ஆய்வுரையில் இல்லாத கேள்வி. ஆனாலும் புஷ்பவல்லி மரியாதையாகப் பதில் சொன்னார். "நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி வந்தாருங்க ஐயா. பாய்லர் கெட்டு நடுக்கடல்ல நின்னுச்சாமே, அந்தக் கப்பல். பினாங்குல இறங்கி, கிள்ளானுக்குக் கிட்ட மேரு பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு வந்தாரு."

நாகையா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அந்தக் கப்பலா? எங்க அப்பாவும் அதுலதாம்மா வந்தாரு!"

கப்பல் சொந்தம் என்றால் நம் ஜனங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? ஒரே கப்பலில் வந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை. பெண் கொடுத்து எடுப்பதுகூடக் கிடையாது. நாகையாவின் கண்ணில் நிஜமாகவே நீர் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துடைத்துக்கொண்ட பிறகு அவர் பேசியதுதான் வயிற்றெரிச்சல்.

"நீ எனக்குத் தங்கச்சி. தங்கச்சிக்கு அண்ணன் பரீட்சை வைக்கலாமா? நானும் விலகிக்கிறேன்."

"அண்ணே" என்றார் புஷ்பவல்லி. "நீங்க கேக்க வேணாம். படிச்ச அவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வைங்க. நாளைக்குக் கமிட்டி கூடுது. எவ்வளவு கஷ்டமான கேள்வியா இருந்தாலும் பதில் சொல்றேன்."

"விலகினப்புறம் உத்தரவு போட எனக்கு ஏதும்மா அதிகாரம்?"

பரீட்சை தள்ளி வைக்கப்பட்டது. முறைகேடு ஏதும் நடக்கவில்லை என்று நாகையா அறிவித்தார். உண்மைதான், எதுவுமே நடக்கவில்லையே. சபை கைதட்டியது, நன்றி கூறித் தீர்மானம் போட்டது. நாகையா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

மறுநாள் கிள்ளான் வேலை வேறோர் அம்மாளுக்குப் போயிற்று. அவருக்கு வேறொரு சபை பட்டம் கொடுத்திருந்தது, அங்கேயும் மேற்பார்வை நாகையாதான். அங்கே பரீட்சகர்களுக்கு அந்த அம்மாளையும் தெரியாது, அவருடைய ஆய்வுரையையும் தெரியாது. ஆகவே நடுநிலைக்குக் கொஞ்சமும் பங்கம் வரவில்லை. புஷ்பவல்லி பழைய பள்ளியிலேயே தற்காலிகமாக இருக்கிறார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று சிரிக்கிறீர்கள், வாசகரே. சந்தோஷம். வடையைப் பார்த்தீர்கள், முறுக்குக்குச் சிரித்தீர்கள், கப்பல் கதையில் கொஞ்சம் இளகியும் இருப்பீர்கள். தொப்பிக்கு அடியில் கிடந்த அந்த ஆய்வுரை எதைப் பற்றியது என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றிற்றா? இல்லையா? சபைக்கு இன்னொரு மேற்பார்வையாளர் வேண்டுமாம். உங்கள் கழுத்துக்கு ஒரு மாலை கட்டச் சொல்லட்டுமா?