குதித்துச் சான்று தருபவர்

இரும்பு மாடிப்படி எதைக் கண்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மூன்றாவது படியில் ஏறி, நின்ற இடத்திலேயே தொம்மென்று குதிக்கிற இனம் ஒன்று நம்மிடையே உண்டு. குதித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்து, "பாஸ்!" என்பார்கள். கணக்கெல்லாம் அவர்களுக்கு எதற்கு? கால் இருக்கிறதே.

நெய்வேலியில் இந்த இனம் சற்றுக் கொழுத்தே வளர்கிறது. முப்பத்திரண்டு வருஷம் ஷிப்டுக்கு ஷிப்டு நிலக்கரி மைன்ஸின் இரும்புப் படிகளில் ஏறி இறங்கியவருக்கு, அவற்றையும் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் வடிவமைத்தார் என்று எப்படித் தோன்றும்? தாம் ஏறியதால்தான் அவை நின்றன என்றே தோன்றும்.

சிங்காரவேலுக்கு அப்படித்தான் தோன்றியது. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டியிருந்தார். மாடி அறையில் மருமகள் சண்முகப்பிரியா டியூஷன் நடத்தப் போகிறாள். நாற்பது பிள்ளைகள் பேர் கொடுத்தாயிற்று. அவர்கள் ஏறி இறங்க வெளிப்புறமாக ஓர் இரும்புப் படி. அதற்கு டிராயிங் போட்டுக் கொடுத்தவள் தேவயானி என்கிற இன்ஜினியர். அந்த டிராயிங்கால் விசிறிக்கொண்டே சிங்காரவேல் கேட்டார்:

"இன்னா பொண்ணு, ஆறு இஞ்ச் இரும்புச் சேனலா? மைன்ஸ்ல இதுல நாங்க துணி காயப் போடுவோம்."

"சேனல் தாங்கும் சார். அதைப் பிடிச்சிருக்கிற இடமும் தாங்கணுமில்ல? மேல்முனையை கான்கிரீட் பீம்லதான் மாட்டணும். பக்கத்துல இருக்கிற கைப்பிடிச் சுவர் வெறும் செங்கல்."

"பீம்ல மாட்டணும்னா அதுமேல ஒட்டின கிரானைட்டை ஒடைக்கணும். எட்டு இஞ்ச்சா போட்டுக்கினா போச்சு. செவுரு இன்னா பண்ணிடும்?"

சுவர் பலவீனம் என்றால் அதன் தலையில் இன்னும் கனமான இரும்பை ஏற்றுவது! வேறு யாருக்கு வரும் இந்த யோசனை? செங்கல்லில் நான்கு போல்ட் இறங்கின. தேவயானி சண்டை போடவில்லை. படியும் சுவரும் சேரும் இடத்தில் வெள்ளை சிமெண்டை ஒரு வடை அளவுக்கு அப்பி, அதன்மேல் தேதி எழுதினாள்.

"படி அசைஞ்சா இது விரிசல் விட்டுச் சொல்லும் சார்."

"சொல்லட்டும், கேட்டுக்கறேன்."

பிறகு குதிக்கும் திருவிழா. பண்ருட்டிச் சம்பந்தி பலாப்பழத்தோடு வந்தார். அவருக்காக ஒரு குதி. சேத்தியாத்தோப்பிலிருந்து பழைய ஷிப்டுக் கூட்டாளி வந்தார்; இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு குதித்தார்கள். பால்காரருக்கு ஒன்று, கேஸ்காரருக்கு ஒன்று, வழி கேட்க வந்தவருக்கும் ஒன்று. தொண்ணூற்றிரண்டு கிலோ, ஒவ்வொரு முறையும், தொம். "பாஸ்!"

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் காலை, படியைக் கூட்டிக்கொண்டிருந்த சண்முகப்பிரியா நின்றுவிட்டாள். வெள்ளை சிமெண்டு குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது.

"மாமா, நகமே உள்ள போகுது."

"சிமெண்டு மட்டம்மா."

"நாளைக்கு நாற்பது பிள்ளைங்க. கிளாஸ் விட்டா வரிசையாவா இறங்குவாங்க? ஒண்ணா ஓடுவாங்க மாமா."

"நம்பிக்கை இல்லியா? இப்பவே குதிச்சுக் காட்டறேன்." வேட்டியை மடித்தார்.

"வேண்டாம் மாமா. இந்தத் தடவை நான் குதிக்கிறேன். நீங்க படிக்குக் கீழ வந்து நில்லுங்க."

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். சிங்காரவேல் அண்ணாந்து பார்த்தார். எட்டு இஞ்ச் இரும்பு, அவர் வாயால் கேட்டு வாங்கிய அத்தனை கனமும், நான்கு போல்ட்டில் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த போல்ட்டுகளை ஆட்டி ஆட்டித் தளர்த்தியது வேறு யாருமல்ல, சான்று கொடுத்த அதே இரண்டு கால்கள்தான். அந்தக் கால்கள் இப்போது ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

"இரும்மா... எறங்கு மொதல்ல. அந்த இன்ஜினியர் பொண்ணுக்கு போன் போடு."

வகுப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது. கிரானைட் உடைந்தது, படி பீமுக்குப் போனது. சிங்காரவேல் திருந்தினாரா? அடுத்து வந்த விருந்தாளியிடம் அவர் சொன்னது இது: "பீம்லதான் மாட்டணும்னு அன்னிக்கே தலபாடா அடிச்சிகினேன். யாரு கேட்டா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாதம் யாரோ கட்டிய புது வீட்டில், மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கே" என்று சொன்னது யார்? அந்த வீட்டுக்காரர் அதை நம்பிக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிறார். ஒரு நடை போய், அந்தப் படிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்களேன்.