இலத்தூர் மழை

"இனிமே நம்ம வண்டிக்கு மேஸ்திரி கிடையாது. நான்தான் மேஸ்திரி" என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சொன்னார். பல் துலக்கிக்கொண்டே சொன்னதால் பாதிதான் புரிந்தது. சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போய்ப் படுத்தபோது மீதியும் புரிந்தது.

இசக்கியப்பன் மேஸ்திரி அவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டார். பிரேக்கை மிதித்தால் தரை வரைக்கும் போகிறது. எங்கள் வீட்டுக்காரரோ எட்டு மணிக்கு இலத்தூரில் இருந்தே ஆக வேண்டும். அங்கே எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. அதை ஞாயிறு தவறாமல் போய்ப் பார்க்காவிட்டால் தென்னைகள் கோபித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

என் ஏக்கம் இலத்தூர் இல்லை. குற்றாலம்.

கல்யாணமான வருஷம் ஆடியில் ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். வில்வண்டியில் போனோம். அருவியில் பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தேன். எனக்குக் கூச்சம் அதிகம். பிறந்த வீட்டிலும் சத்தமாய்ச் சிரித்ததில்லை. அன்றைக்கு அருவிக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். தண்ணீர் விழுந்த சத்தத்தில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. அந்த மாதிரி இன்னொரு தடவை சிரிக்க வேண்டும் என்று மூன்று ஆடியாய்க் காத்திருக்கிறேன்.

மகளுக்குச் செண்பகம் என்று குற்றாலத்துச் செண்பகாதேவி அருவியின் பேரைத்தான் வைத்தார். ரெண்டரை வயசாகிறது, அருவியைப் பார்த்ததில்லை. குளிப்பாட்டும்போது குடத்தை உயரத் தூக்கி ஊற்றி, "இதுதான் அருவி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் நம்பிவிட்டாள்.

எங்கள் தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல்தான். கதவைத் திறந்தால் சாரல் முகத்தில் அடிக்கும். சாயந்திரம் ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையுமாய் ஆட்கள் எங்கள் தெரு வழியாகத் திரும்புவார்கள். நான் ஜன்னலில் நின்று மூச்சை இழுத்துக்கொள்வேன்.

வினை எல்லாம் அந்தக் கார் வந்ததில்தான். பஸ்ஸில் போய் வரலாமா என்று கேட்டேன். கார் வைத்திருக்கிறவன் பெண்டாட்டி பஸ்ஸில் போனால் ஊர் என்ன பேசும் என்றார். சரி, காரிலேயே போகலாமே என்றேன்.

"பிரேக்கை நம்ப முடியாதுட்டி. நான் ஒருத்தன்னாப் பரவாயில்ல. பிள்ளைய வச்சிக்கிட்டு எப்படிப் போக?"

கார் இருப்பதால் பஸ்ஸில் போகக் கூடாது. பிரேக் சரியில்லாததால் காரில் போகக் கூடாது. நடுவில் நான்.

இவர் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இலத்தூர் போய் வருவார். திரும்பி வரும்போது தலை நனைந்திருக்கும். "இலத்தூர்ல நல்ல மழை" என்பார். நான் துவட்டிவிட்டு, சளி பிடிக்காமல் இருக்கச் சுக்குக் கஷாயமும் போட்டுக் கொடுப்பேன்.

அன்றைக்குப் பழைய பிரேக் ஆயிலை எடுத்துவிட்டுப் புதுசு விட வேண்டும், குழாய்க்குள் இருக்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும் என்றார். அதற்கு ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு சின்னத் திருகைத் திறக்க வேண்டும். அதில் மாட்டிய ரப்பர் குழாய் வழியாக ஆயிலும் காற்றுக் குமிழியும் பாட்டிலுக்குள் வரும். திருகை மூடின பிறகுதான் பெடலை விட வேண்டும். முன்னாலேயே விட்டால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். இப்படி நாலு சக்கரத்துக்கும். முடிந்தால் பெடல் கட்டியாக நிற்கும், முடியாவிட்டால் பஞ்சு மாதிரி மெத்தென்று போகும்.

டிரைவர் சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆவுடைத்தாய் அக்கா பாத்திரம் விளக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "எப்படி இருக்கு?" என்று இவர் அடியிலிருந்து கேட்டால் தெருவுக்கே கேட்கும்படி பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் இவரே ஒரு வழி சொன்னார்.

"வளையலால கதவுல தட்டு. மெத்துன்னு இருந்தா ஒரு தட்டு. கட்டியா இருந்தா ரெண்டு."

இன்னொன்றும் சொன்னார். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். போன மாதம்தான் பச்சைப் பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறையும் தைத்தது. ஆகையால் வேலை முடிகிற வரைக்கும் இவர் கை வண்டியின் மேல் படாது. பெடலைச் சோதிக்கிறது, காலடியில் இருக்கும் மூடியைத் திறந்து தகரத்திலிருந்து புது ஆயிலைப் புனல் வைத்து ஊற்றுகிறது, எல்லாம் என் பொறுப்பு. நான் நாலாம் வகுப்பு. இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

அமுக்கு என்றார், அமுக்கினேன். விடு என்றார், விட்டேன். பின்னால் இடது சக்கரம் முடிந்தது. எப்படி இருக்கு என்றார். மெத்தென்று இருந்தது. ஒரு தட்டு. வலது சக்கரம், ஒரு தட்டு. மூன்றாவதற்கும் ஒரு தட்டு. செண்பகம் பக்கத்து சீட்டில் இருந்தபடியே, தகரத்தைத் தொடாமல், சீட்டு இடுக்கில் கையை விட்டு நோண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை ஓடியது. பிரேக் நன்றாகிவிட்டால் இவர் சொல்லும் சாக்கும் போய்விடுமே. இலத்தூர் போய்விட்டு வந்து, மத்தியானமாவது எங்களைக் கூட்டிப் போவார். அதை நினைத்துக்கொண்டு முழு பலத்தோடு அமுக்கினேன்.

நாலாவது சக்கரம் முடிந்தது. அமுக்கிப் பார்த்தேன். கல்லு. கால் அப்படியே நின்றுவிட்டது.

ரெண்டு தட்டுத் தட்டக் கையை ஓங்கினேன். ஒரு தட்டு விழுந்தது. ரெண்டாவதற்குள் செண்பகம், "அம்மா, பம்பரம்" என்று சீட்டு இடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

மங்குஸ்தான் பழத்தின் தோல். காய்ந்து கருத்துப்போன பாதி மூடி. திரும்பவும் கையை விட்டாள், இன்னொன்று. அப்புறம் ஒன்று. நான் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு துண்டு, சுருட்டி வைத்திருந்தது.

இலத்தூரில் மங்குஸ்தான் விளைகிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து அது குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் விற்கும். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார், மூன்று ஆடிக்கு முன்னால்.

கை ஓங்கினபடியே நின்றது. தட்டவில்லை.

"ஒரு தட்டுத்தானா?" என்று அடியிலிருந்து கேட்டார்.

ஓங்கின கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் சக்கரத்திலிருந்து திரும்பத் தொடங்கினார். அமுக்கினேன், விட்டேன். ஒரு தட்டு. குமிழி ஒன்றுகூட வரவில்லையே, காற்று எங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று புலம்பினார். ஒரு தட்டு. எறும்பு கடிப்பதாகச் சொன்னார். ஒரு தட்டு. வண்டி வாங்கிக் கொடுத்த தரகரை ஏதோ சொன்னார், எழுத முடியாது. நான் தகரத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன். ஆயில் இன்னும் இருந்தது.

எட்டு சக்கரம் ஆகும்போது வாசலில் ரெண்டு பேர் வந்து நின்றார்கள். ஜவுளிக்கடை மசூது, பள்ளிக்கூட வாத்தியார் சிவசுப்பிரமணியன். இவருடைய கூட்டாளிகள். தோளில் துண்டு, கையில் எண்ணெய்ப் பாட்டில். நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். வண்டிக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்துத்தான் மசூது பேசினார்.

"என்ன வே பால்வண்ணம், இன்னுமா படுத்துக் கெடக்கீரு? ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். போன வாரத்தை விட ஜாஸ்தி."

கால் ரெண்டும் விறைத்துக்கொண்டன. "இலத்தூர்லயா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இலத்தூர்ல என்னவே இருக்கு?"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆவுடைத்தாய் அக்கா இருமினாள். அப்போதுதான் மசூது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்ததும் எண்ணெய்ப் பாட்டிலைத் துண்டுக்குள் சொருகினார். வாத்தியார்தான் பொதுவாக, பிரேக் எப்படி இருக்கு என்று கேட்டார்.

ஒரு தட்டுத் தட்டினேன்.

"மெத்துன்னுதான் இருக்காம்" என்று அடியிலிருந்து இவரே விளக்கம் சொன்னார்.

பிரேக் இல்லாத வண்டியில் வர முடியாது, எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று மசூது சொல்லிவிட்டார். ரெண்டு பேரும் பஸ்ஸைப் பிடிக்க வேகமாய்ப் போனார்கள்.  பிறகு இவர் நாலு சக்கரத்தையும் மூன்றாம் தடவையாகப் பார்த்தார். எப்படி இருக்கு என்று கேட்ட குரலில் அழுகை கலந்திருந்தது.

ரெண்டு தட்டுத் தட்டினேன்.

இவர் வெளியே வந்தார். முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. மங்குஸ்தான் தோல் மூன்றையும் முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மேடையில் செண்பகம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். இவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டியை இனி ஓட்டிப் பார்க்க வேண்டும், இலத்தூர் ரோட்டில் ஒரு நடை போய் வருவதாகச் சொன்னார்.

"இலத்தூர் வேண்டாங்க" என்றேன். "அங்கன எந்நேரமும் மழை."



"பிள்ளைய வச்சிக்கிட்டு..." என்று கடைசியாக ஒரு தடவை தொடங்கினார்.

"கட்டியாத்தான் இருக்கு. அமுக்கிப் பாத்தவ நான்தானே" என்றேன். நான் இறங்கவே இல்லை. பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து செண்பகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். இப்படியே எப்படி வர என்று இவர் தன் கோலத்தைக் காட்டினார். போகிற இடத்தில் தண்ணீருக்கு என்ன குறை என்றேன். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பிரேக் நன்றாகவே பிடித்தது. எதிரே ஒரு மாடு வந்தது, வண்டி அதற்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றது. இவருக்கே பெருமை தாங்கவில்லை.

செண்பகம் அருவியை அண்ணாந்து பார்த்து, "யாரும்மா ஊத்துதா?" என்று கேட்டாள்.  அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்துத் தண்ணீரில் தலையைக் கொடுத்தேன். மூன்று ஆடியாய்ச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சிரித்தேன். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. பிள்ளைக்கு மட்டும் கேட்டிருக்கும், அவளும் சிரித்தாள்.

திரும்பி வரும்போது நான் கேட்காமலே மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார்.  அன்றைக்கு மொத்தம் பன்னிரண்டு சக்கரம் பார்த்திருந்தார். முதுகு வலித்திருக்கும்.

"நெசத்தைச் சொல்லுட்டி. எத்தனாவது சக்கரத்துல கட்டியாச்சு?"

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வளையலால் கதவில் தட்டினேன். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு.

ஐந்தாவது தட்டுக்காகத் தென்காசி வந்து சேருகிற வரைக்கும் இவர் காதைத் தீட்டிக்கொண்டே வந்தார்.