குல்லபிண்டியில் ஒழுக்கம் காக்கப்பட்ட விதம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளில்தான் நாகரிகம் தொடங்கியது என்று சொல்கிறவர்கள், பாவம், குல்லபிண்டி நகரசபையின் கட்டட விதிகளைப் படித்ததில்லை. கோழிக்கூண்டின் உயரம், வேலியின் நிறம், உங்கள் வீட்டு மரத்தின் நிழல் அடுத்த வீட்டில் எதுவரை விழலாம் என்பது உட்பட எல்லாம் அதில் உண்டு. அந்த மகத்தான நூலை மனப்பாடமாக வைத்திருந்தவள் விதி அமலாக்க அதிகாரி டெஸ்லி க்ராவுஸ். ஊருக்குப் புதியவள். வந்த வேகத்தில் இரண்டு கார் ஷெட்டுகளையும் ஒரு நாய்க்கூண்டையும் தரைமட்டமாக்கிய பெருமை அவளுக்கு உண்டு.

இப்போது அவள் கையில் சிக்கியிருந்தது நைரி டாம்லினின் கடை. பலகையில் இன்றும் 'ஊசி, நூல், பொத்தான்' என்றுதான் இருக்கிறது. நகரசபை அனுமதி கொடுத்ததும் அதற்குத்தான். ஆனால் உள்ளே போனால் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. வயது வந்தவர்களுக்கு மட்டுமான பொம்மைகளும், குளிருக்கு எந்த வகையிலும் உதவாத உள்ளாடைகளும்தான். புல்தரையில் லான் பௌல்ஸ் ஆடும் மைதானத்துக்கு எதிரே இப்படி ஒரு கடை இருக்கக் கூடாது என்பது விதி. வெள்ளை உடுப்பில் பந்து உருட்டும் பெரியவர்களின் கவனம் சிதறிவிடும் அல்லவா.

டெஸ்லி நேரிலேயே போய் விஷயத்தைச் சொன்னாள். நைரி தேநீரும் ஒரு துண்டு லாமிங்டன் கேக்கும் எடுத்து வைத்தாள்.

"மாடியிலதான் கண்ணு என் கட்டில். கடை போனா வீடும் போச்சு. இந்த வயசுல எங்க போவேன்?"

"ஒரு வழி இருக்கு நைரி. விதி வர்றதுக்கு முன்னாடியிருந்தே கடை இங்க விடாம நடந்திருந்தா, நாங்க கை வைக்க முடியாது. பழைய வாடிக்கைக்காரங்க ரெண்டு பேர் சாட்சி சொன்னாப் போதும்."

"வாடிக்கைக்காரங்களா? இந்த ஊர்ல எனக்கு ஒருத்தர்கூடக் கிடையாது. வேணும்னா வீடு வீடாப் போய்க் கேளுங்க."

"அப்புறம் இத்தனை வருஷமா எப்படிப் பிழைச்சீங்க?"

"கர்த்தர் கிருபை."

"விளையாடாதீங்க. ரெண்டே ரெண்டு பேர்."

"பேர் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல கண்ணு. இங்க வர்றவங்க பாதி காசு சரக்குக்குக் குடுக்கறாங்க, மீதி நான் வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்கு. வீடு போனாலும் அதை மட்டும் திறக்க மாட்டேன்."

டெஸ்லிக்குப் பாவமாக இருந்தது. இப்படிப்பட்ட மனுஷியை நடுத்தெருவில் நிறுத்தத்தான் இவ்வளவு படித்தோமா என்றிருந்தது. விதிகளைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். பாவம் பார்ப்பது பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை.

எந்த இடத்தையும் நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை என்பது குல்லபிண்டி நகரசபையின் உயர்ந்த மரபு. 'கள ஆய்வு' என்று அதற்குப் பெயர். அங்கே உறுப்பினர்கள் பேசுவதெல்லாம் சபையில் பேசியதற்குச் சமம். ஆய்வுக்கு முந்தின நாள் கூட்டத்தில் மேயர் கார்த் பெட்டிஃபர் குரல் தழுதழுக்கப் பேசினார்.

"நண்பர்களே, அந்தக் கடை வாசலை நான் மிதிச்சதே கிடையாது. நீங்களும் மிதிச்சிருக்க மாட்டீங்க. ஆனா கடமைன்னு வந்துட்டா போய்த்தான் ஆகணும்."

"ஜெபம் பண்ணிட்டுப் போலாம்," என்றார் உறுப்பினர் நோலீன் ஸ்கல்லி. தேவாலயத்தில் பூ அலங்காரம் அவர் பொறுப்பு.

மறுநாள் காலை, மஞ்சள் மேலங்கியோடும் அளவு நாடாவோடும் டெஸ்லி கடையின் முன்வாசலில் நின்றாள். நேரம் ஆயிற்று. நகரசபை வேன் வரவில்லை. வெயில் ஏறியது. எதிரே பந்து உருட்டிக்கொண்டிருந்தவர்கள் உருட்டுவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தார்கள். கடைசியில் கடைக்கு உள்ளேயிருந்து மேயரின் இருமல் கேட்டது.

ஓடிச் சுற்றிக்கொண்டு போனாள். பின்சந்தில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், வேன் வசதியாக நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு என்றே தெரியாத ஒரு தகரக் கதவு திறந்திருந்தது. அவள் வைத்திருந்த வரைபடத்தில் அப்படி ஒரு கதவே கிடையாது. அவசரமாக உள்ளே நுழைந்தாள்.

'டங்'கென்று ஒரு உத்திரம் நெற்றியில் மோதியது.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. இருட்டு தெளிவதற்குள், நோலீன் திரைக்குப் பின்னால் கை விட்டு, தேடாமலே விளக்கைப் போட்டார். வெளிச்சத்தில் உறுப்பினர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நெற்றி வீங்கியிருந்தது டெஸ்லிக்கு மட்டும்தான்.

"ஏம்மா டெஸ்லி, குனிஞ்சு வரக்கூடாதா?" மேயருக்கு உண்மையிலேயே வருத்தம். "இந்த விதியெல்லாம் வர்றதுக்கு முன்னாடியிருந்தே இந்த உத்திரம் இங்கதானே இருக்கு."

"ஆமா, அப்பவும் எல்லாருக்கும் முதல் தடவை இடிக்கும். அடுத்த தடவை சரியாயிடும்," என்றார் நோலீன், ஆறுதலாக.

மேயர் நோலீனின் காலை மெல்ல மிதித்தார். நைரி உறைய வைத்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து டெஸ்லியின் நெற்றியில் வைத்தாள்.

"ரொம்ப நன்றி மேயர்," என்றாள் டெஸ்லி. "ரெண்டு சாட்சி ஆச்சு."

"எதுக்குச் சாட்சி? நான் உத்திரங்களைப் பத்திப் பொதுவாச் சொன்னேன்." மேயருக்கு வேர்த்தது. "நைரி, நீங்களே சொல்லுங்க. நாங்க யாராவது இங்க வந்திருக்கோமா?"

"ஒருத்தரும் வந்ததில்ல கண்ணு," என்றாள் நைரி. "பைபிள் மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

"அப்படின்னா கடையை மூடணும்," என்றாள் டெஸ்லி. "மூடினா வழக்கு கோர்ட்டுக்குப் போகும். என்னைக் கூண்டில ஏத்துவாங்க. நெத்தி ஏன் வீங்கிச்சு, உங்களுக்கெல்லாம் ஏன் வீங்கலைன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். கடை இருக்கட்டும்கறவங்க கை தூக்கலாம்."

தூக்காத கை ஒன்றும் இல்லை. நோலீன் இரண்டு கையையும் தூக்கிவிட்டு ஒன்றை இறக்கினார். நைரி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

குல்லபிண்டி நகரசபையைப் போல ஒழுக்கத்தின் மேல் அக்கறை கொண்ட சபை வேறெங்கும் கிடையாது என்று அடித்துச் சொல்லலாம். முன்வாசலுக்கு ஆள் அனுப்பிக் கடையை மூடச் சொன்னவர்களும் அவர்கள்தான். இத்தனை வருஷமும் பின்வாசல் வழியாக வந்து அதை மூடவிடாமல் பார்த்துக்கொண்டவர்களும் அவர்கள்தான்.