ஊதாச் சட்டை ஆதரவாளர்

கணினி நிறுவனங்களில் மட்டுமே செழித்து வளரும் ஒரு ஜீவனை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பிக்க அது விடாது. பெண்கள் கூட்டம் என்று எங்கே அறிவிப்பு ஒட்டினாலும், முதல் வரிசையின் நடு நாற்காலியில், ஊதா நிறச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உலகத்துப் பெண்களின் கஷ்டமெல்லாம் தன் கழுத்தில் வந்து இறங்கிவிட்ட மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதுதான். இதற்கு ஆதரவாளர் என்று பெயர். யார் வைத்த பெயர் என்கிறீர்களா? அவரே வைத்துக்கொண்டதுதான்.

நம்முடைய ஆதரவாளர் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பிரிவுத் தலைவர். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் தங்களுக்குள் ஒரு குழு வைத்திருந்தார்கள். மதிய இடைவேளையில் காபி மெஷினுக்குப் பக்கத்து மூலையில் கூடுவார்கள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவளுக்கு இடையில் மாறிப்போன வேலையைச் சொல்லித் தருவார்கள். சம்பள உயர்வு கேட்கப் போகிறவளை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பார்கள். தன் யோசனையை எவனோ கூட்டத்தில் அவனுடையதாகச் சொல்லிக்கொண்டுவிட்டான் என்று மூக்கை உறிஞ்சுகிறவளுக்கு, அடுத்த முறை அவனை எப்படி மடக்குவது என்று பாடம் எடுப்பார்கள். உருப்படியாக நடந்துகொண்டிருந்தது. ஆதரவாளர் காதில் விழுந்தது. விடுவாரா?

"உங்களுக்கு நான் இருக்கேம்மா" என்று வந்து நின்றார். அன்று தொடங்கியது வினை. குழுவுக்கு ஒரு சின்னம் வந்தது, சின்னத்துக்கு ஒரு நிறம் வந்தது, அந்த நிறத்தில் அவருக்கு ஒரு சட்டை வந்தது. மூலையில் உட்கார்ந்து சொல்லித் தருவதற்குத்தான் யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

அவர் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? "எனக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் குழந்தை பிறக்கிற வரைக்கும் பெண்களும் மனிதர்கள்தான் என்ற தகவல் அவருக்கு எட்டவில்லை போலிருக்கிறது. அடுத்தது அம்மா. அங்கே குரல் தழுதழுக்கும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்கப்புறம் மனைவி. "என் மனைவியும் ஒரு காலத்துல ப்ரோக்ராமர்தான். குடும்பத்துக்காக அவங்களே விருப்பப்பட்டு வேலையை விட்டாங்க" என்பார். குழுவின் ஆண்டு விழாவுக்கான பேச்சை வீட்டில் அவர் ஒத்திகை பார்த்தபோது, மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விருப்பப்பட்டா?" என்றாள்.

"கொஞ்சம் இரும்மா, ஃப்ளோ கெடுது" என்றார்.

அவள் அவருடைய ஊதாச் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் அழுத்தியே மடித்தாள் என்று நினைக்கிறேன்.

அந்த விழாவை யார் தலையில் கட்டியிருந்தார் தெரியுமா? அலுவலகத்தில் ஃபயர் சர்வீஸ் என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு பொறியாளர் தலையில். எந்த நேரத்தில் எந்த சர்வர் படுத்துக்கொண்டாலும் முதல் போன் அவளுக்குத்தான் போகும்; அதனால் அந்தப் பெயர். அவள் வேலை பார்த்த பணப் பரிவர்த்தனைக் குழுவின் தலைவர் நாற்காலி காலியாகப் போகிறது. அந்த நாற்காலியின் வேலை முழுவதையும் பல வருஷமாக அவள்தான் பார்த்து வந்தாள், நாற்காலி மட்டும் வேறு யாரிடமோ இருந்தது. அவள் கைபிடித்துப் பழக்கிவிட்ட பையன்களெல்லாம் தலைவர்களாகி, அவளிடமே அறிக்கை கேட்டார்கள். இந்த முறை கிடைக்காவிட்டால் இனி இந்த இடத்தில் எப்போதும் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆசை இல்லாத மாதிரி நடிக்கவும் அவளுக்கு அலுத்துவிட்டது. நேராகவே போய்க் கேட்டாள்.

"அது உங்களுக்குத்தாம்மா. கமிட்டியில நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்றார் ஆதரவாளர். "நீங்க இந்த ஆண்டு விழாவை மட்டும் எடுத்து நடத்திக் குடுங்க."

"எனக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை தலைக்கு மேல இருக்கு சார்."

"நீங்க செஞ்சாத்தாம்மா சரியா வரும். பெண்களோட விழாவைப் பெண்கள்தானே நடத்தணும்?"

சரிதானே? பேச்சை மட்டும் அவர் பேசுவார்.

ஆக, ஃபயர் சர்வீஸ் அரங்கம் பிடித்தாள், நாற்காலி எண்ணினாள், கேக் சொன்னாள், மேடைப் பதாகைக்கு அலைந்தாள். பதாகை மூன்று முறை திரும்பி வந்தது. சின்னம் பெரிதாகி ஆதரவாளரின் படம் சிறிதாகிவிட்டதாம்; "எனக்காகச் சொல்லலைம்மா, பேலன்ஸ் வேணும்" என்றார். அவளுடைய சொந்த வேலை சனிக்கும் ஞாயிறுக்கும் தள்ளிப்போயிற்று. "இந்தத் தடவையாவது குடுப்பாங்களா?" என்று அவள் கணவன் கேட்டபோது, "சார் வாக்கு குடுத்திருக்கார்" என்று சொன்னாள். பாவம், நம்பித்தான் சொன்னாள்.

விழா நாளும் வந்தது. அன்று காலையிலேயே பதவி உயர்வுக் கமிட்டி கண்ணாடி அறையில் கூடியது. பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் ஆண்கள். அது யாருடைய குற்றமும் இல்லை, அப்படி அமைந்துவிட்டது, எப்போதும் அப்படித்தான் அமையும். நம்மவருக்கு ஒரு பெரிய கவலை. பேச்சின் கடைசி வரி சரியாக உட்காரவில்லை. மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தார். 'பெண்கள் இல்லாத அறைகளில் பெண்களுக்காகப் பேசுவோம்.' நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'பேசுவோம்' என்பதா, 'குரல் கொடுப்போம்' என்பதா? எதற்குக் கைதட்டல் அதிகம் விழும்?

அப்போதுதான் ஃபயர் சர்வீஸின் பெயர் வந்தது.

"திறமைசாலிதான்" என்றார் பக்கத்துப் பிரிவுத் தலைவர். "ஆனா இப்பல்லாம் எப்பப் பாத்தாலும் கேக்கு, பேனர்னே அலையறாங்க. வேலைல கவனம் இருக்கான்னு தெரியல. அவங்ககிட்ட வேலை பழகின அந்தப் பையனுக்கே குடுத்துடலாமா? உங்க டீம் ஆளாச்சே, நீங்க என்ன சொல்றீங்க?"

ஆதரவாளர் நிமிர்ந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. கேள்வி என்னவென்று தெரியவில்லை. கேள்வி தெரியாதபோது பெரிய மனிதர்கள் செய்வதை அவரும் செய்தார். "ம்ம்" என்று சொல்லி, ஆழ்ந்து யோசித்த பாவனையில் மண்டையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு குனிந்து 'குரல் கொடுப்போம்' என்றே வைத்துக்கொண்டார்.

மாலையில் அரங்கம் நிரம்பியது. மகள் வந்தாள், அம்மா வந்தார், விருப்பப்பட்ட மனைவியும் வந்தாள். கடைசி வரிக்கு வந்து, "பெண்கள் இல்லாத அறைகளில், பெண்களுக்காக..." என்று அவர் கையை உயர்த்தியபோது, அரங்கம் முழுக்கக் கைப்பேசிகள் கிணுகிணுத்தன. அத்தனை பெண்களும் குனிந்து பார்த்தார்கள். ஆஹா, என் படத்தை அதற்குள் அனுப்பிக்கொள்கிறார்களே என்று அவர் புல்லரித்துப் போனார். வந்தது படமில்லை. புதிய தலைவராக அந்தப் பையனை அறிவித்த மின்னஞ்சல்.

கைதட்டல் ரொம்பச் சன்னமாக விழுந்தது. 'பேசுவோம்' என்றே வைத்திருக்கலாமோ என்று யோசித்தபடி அவர் மேடையை விட்டு இறங்கினார். காலர் மைக்கைக் கழற்ற வந்தவள் ஃபயர் சர்வீஸ்தான். அந்த வேலையும் அவளுடையதுதானே.  கிளிப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"கமிட்டியில என்னைப் பத்தி என்ன சார் சொன்னீங்க?"

விஷயம் இப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதறிப்போனார். "உங்களுக்கு எதிரா நான் ஒரு வார்த்தை பேசலம்மா! சத்தியமா!"

"ஆதரவா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பின்ன அந்த ரூம்ல என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

"இந்த ஸ்பீச்சைத்தாம்மா திருத்திட்டிருந்தேன்" என்றார் ஆதரவாளர், உண்மையிலேயே மனம் நொந்து. "உங்களுக்காகத்தான்!"

அவள் மைக்கையும் அரங்கத்துச் சாவியையும் அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு நடந்தாள். அவ்வளவு நாள் உழைப்பும் அந்த உள்ளங்கையில் அடங்கிவிட்டதே என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

அடுத்த வாரம் மதியம் ஆதரவாளர் காபி எடுக்கப் போனார். மெஷினுக்குப் பக்கத்து மூலையில், சின்னமும் இல்லாமல் நிறமும் இல்லாமல், குழு பழையபடி கூடியிருந்தது. நடுவில் ஃபயர் சர்வீஸ். சுற்றி உட்கார்ந்தவர்கள் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார்கள், அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறொரு நிறுவனத்துத் தலைவர் பதவிக்கான நேர்காணல் ஒத்திகை. அது அவருக்கு விளங்கவில்லை.

"அடடே, மீட்டிங்கா! சொல்லியிருந்தா சட்டையைப் போட்டுட்டு வந்திருப்பேனே. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"வேணாம் சார். இங்க வேலை நடக்குது" என்றாள் ஒருத்தி.

சிரிக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்து ஊதாச் சட்டையின் முகம் கண்முன் வந்திருக்கும். இதை அவருக்கு அனுப்பிவைக்கக் கை துறுதுறுக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. கடைசியாக ஓர் அறையில், அங்கே இல்லாத ஒரு பெண்ணின் பெயர் அடிபட்டதே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

நினைவில்லையா? அப்படியானால் 'ம்ம்' என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.