லெர்ஹெ விழுந்த காலை

"அண்ணே, நம்ம லெர்ஹெ கதை முடிஞ்சுது! விழுந்த சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஊருக்குச் சொல்லிடுங்க."

மலைப் பண்ணையிலிருந்து காசியான் இவ்வளவுதான் சொன்னான். போன் தொடர்பு அறுந்தது. தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் வின்ட்சென்ஸின் கையிலிருந்த காப்பிக் கோப்பை நழுவி உடைந்தது.

லெர்ஹெ என்றால் ஜெர்மனில் வானம்பாடி. அந்த டிரோல் மலைக் கிராமத்தில் அப்படி அழைக்கப்பட்டவள் ஒருத்திதான். குழுவின் முதல் குரல் ரோஸ்விதா. நேற்றைய ஒத்திகையில்தான் "சுதி சேரலை" என்று எல்லார் முன்னாலும் அவளைக் கடிந்திருந்தார்.

வெறுங்காலோடு ஓடினார்.

"அலோயிஸ், மணியை அடி! சாவு மணி!"

"யாருக்கு?"

"லெர்ஹெக்கு!"

மணிக்கார அலோயிஸ் கயிற்றைப் பிடித்தான். மணியோசை கேட்டு ஊரே திரண்டது. பாதிரியார் பாதி மழித்த முகத்தோடு வந்தார். பெண்கள் விம்ம ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க வின்ட்சென்ஸ்," என்றார் பாதிரியார்.

பேசியிருக்கக் கூடாது. பேசினார்.

"சுதி சேராதது அவளுக்கில்ல, எனக்குத்தான். அவ பாடும்போது வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னு தாளத்தை விட்டுடுவேன். பழியை அவ மேல போடுவேன். பதினேழு வருஷமா 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு கேக்கத் துணிச்சல் இல்லாமப் போச்சே!"

"இப்பக் கேளுங்களேன்."

பின்னால் ரொட்டிப் பையோடு ரோஸ்விதா நின்றிருந்தாள்.

அலோயிஸ் கயிற்றை விட்டான். பெண்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். வின்ட்சென்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ... நீ விழுந்து..."

"நான் எங்கய்யா விழுந்தேன்? லார்ச் மரத்துக்கும் லெர்ஹென்னுதானே பேரு? எழுதும்போதுதான் ஒரு எழுத்து மாறும், காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். காசியான் வீட்டுப் பெரிய மரம் விழுந்திருக்கும். அதுக்குப் போய் எனக்குச் சாவு மணியா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் காது வரை சிவந்தார். ஆனால் சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா? உட்கார்ந்தபடியே கேட்டார்.

"கட்டிக்கிறேன். முதல்ல எந்திரிங்க," என்றாள் ரோஸ்விதா.

அந்த நேரம் காசியான் டிராக்டரில் வந்து இறங்கினான்.

"வாப்பா," என்றார் பாதிரியார். "மரத்தை அறுத்தெடுக்க எத்தனை ஆள் வேணும்?"

"எந்த மரம் சாமி? அது கல்லாட்டம் நிக்குதே! 'லெர்ஹென்னு மட்டும் சொல்லு, மிச்சத்தை அவரே நெனச்சுக்குவாரு'ன்னு ரோஸ்விதாக்காதான் போன் பண்ணச் சொன்னாங்க."