விலைப்பலகையில் ஒரு சிவப்பு

விலை இறங்கித்தான் இருந்தது. கோலாலம்பூர் தரகர் டெலிபோனில் தெளிவாகச் சொன்னார். உடையப்பனும் எண்ணைச் சரியாகத்தான் எழுதினான். ஆனால் வெள்ளைச் சாக்பீஸால் எழுதிவிட்டான்.

வெள்ளை என்றால் ஏற்றம், சிவப்பு என்றால் இறக்கம். போன வாரம் அவனே செய்த ஏற்பாடு.

கொரியாவில் சண்டை நடந்த வருசம் அது. கோலசிலாங்கூரில் சீனி முகம்மது கடை வாசலில் ரப்பர் கம்பெனிப் பங்கு விலைகளை எழுதிப் போடுவது அவன் வேலை. முதலாளியின் அத்தா காலத்தில் தந்தி வந்தால் உரக்கப் படிப்பார்களாம், இப்போது கரும்பலகை. பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரிகள் எண்ணைவிடத் துடைத்த தடத்தைத்தான் பார்ப்பார்கள். பலகை வெளுத்துக் கிடந்தால் காலையிலிருந்து விலை ஆடுகிறது என்று அர்த்தம்.

தோட்டத்து லோரி டிரைவர் செல்லனுக்கு எழுத்தே தெரியாது. "போர்டுல என்னா போட்டிருக்குன்னு கிராணி வூட்டுல தெனமும் கேக்குறாங்க, நான் என்னத்த சொல்றது?" என்று அவர் சலித்துக்கொண்டதால்தான் இந்தக் கலர்.

தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி சிவானந்தத்துக்குப் பங்கும் உண்டு, கலாவதி என்று ஒரு மகளும் உண்டு. முன்பு மாதம் தவறாமல் அப்பாவோடு வருவாள். ஒருமுறை அவன் எழுதியதைப் பார்த்து, "இது எட்டா, ரெட்டைப் பூசணிக்காயா?" என்று கேட்டாள். பிறகு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமல் தடுக்கத் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பாஸ் இல்லாமல் வெளியே வர முடியாது என்றானது. அவள் வரவேயில்லை. அவன் மட்டும் எட்டை இன்னும் குண்டாக எழுதிக்கொண்டிருந்தான்.

விலை ஏறினால் கிராணி விற்க வருவார், கூடவே அவளும் வருவாள். அவ்வளவுதான் அவன் கணக்கு.

மறுநாள் லோரியைப் பார்த்ததும் ஓடினான்.

"வெள்ளைன்னு சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேன்லா. சந்தோசம்தான். இன்னும் பொறுக்கலாம்னுட்டாங்க."

ஏறுகிற நேரத்தில் யார் விற்பார்கள்? உடையப்பன் தலையில் அடித்துக்கொண்டான். அன்று விலை நிஜமாகவே ஏறியது. பயந்தாவது வரட்டும் என்று சிவப்பில் எழுதினான்.

தவுக்கேகள் எனப்படும் சீன முதலாளிகள் கூடிவிட்டார்கள். ஏறின விலை, அதுவும் சிவப்பில். சிவப்பை மங்கலமாக நினைக்கும் அவர்களுக்கு அதைவிட நல்ல சகுனம் உண்டா? போட்டி போட்டு வாங்கினார்கள்.

"செவப்புன்னதும் சோறே எறங்கலையாம்" என்றார் செல்லன் அடுத்த நாள்.

"அப்ப வருவாங்கல்ல?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

இன்னும் கொஞ்சம் பயமுறுத்தினால் போதும் என்று பட்டது. அன்று விலை இறங்கியது. பலகை முழுக்கச் சிவப்பாக எழுதினான்.

தவுக்கேகள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "நேத்து செவப்புல ஏறிச்சி, இன்னைக்கு செவப்புல எறங்குது. ஒரு செவப்புக்கு எத்தனை புத்திலா?"

முதலாளி ஓடிவந்தார். "ஏன்டா, நான் கடை நடத்தவா, காப்பு மாட்டிக்கவா? பாதியை வெள்ளையில எழுது, பாதியைச் செவப்புல எழுது. யாரும் கோவிச்சுக்க வேணாம்."

எழுதினான். வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு. கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"காட்டுல இருக்கிறவனுக்கு சிக்னலா?" என்றார் கார்ப்பரல்.

"ரப்பர் விலைங்கய்யா."

"விலைக்கு எதுக்குய்யா ரெண்டு கலரு?"

உடையப்பன் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் கிராணி வீட்டுக்கும் ஜீப் போகும். பலகையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அது திரும்பி வந்தாதான் உனக்கு வேலை" என்றார் முதலாளி.

மறுநாளும் வந்து வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வேறு எங்கே போவது? அந்த லோரி வருகிற திசை ஒன்றுதான் அவனுக்கு மிச்சம்.

செல்லன் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "போர்டு எங்க? இன்னைக்கு என்னான்னு சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. கிராணி அய்யா பங்கை வித்தா என்ன, வச்சிருந்தா என்ன. இனிமே அவங்க வரப்போறதில்ல."

செல்லன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கிராணிதான் அவரு பங்கையெல்லாம் முள்கம்பி போடுறதுக்கு முன்னயே ரவாங்குல வித்துட்டாரே தம்பி, தெனமும் உன் போர்டைப் பாத்துட்டு வரச் சொல்றது கலாவதிதானே."